ஆஸ்பத்திரி வாசலில் சாய்தளம் இருந்தால் போதுமா? சட்டம் சொல்வது என்ன?

டெல்லி லோதி ரோட்டின் சிஜிஓ வளாகத்தில் இருக்கிறது மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறை. நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசற்படி வரைக்குமான விதிகள் இங்கேதான் தயாராகின்றன.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ன் 25-வது பிரிவின்படி, அரசு மருத்துவமனையோ தனியாரோ, எல்லாப் பகுதிக்கும் தடையில்லாமல் போய்வர வழி இருக்கணும். சிகிச்சையிலும் முன்னுரிமை உண்டு. வரிசையில் முன்னால் விடச் சொல்லி யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. (வீட்டுக்கு அருகிலேயே இலவச சிகிச்சை என்பதற்கு மட்டும் குடும்ப வருமான வரம்பு இருக்கிறது.)

அப்புறம் ஏன் நிலைமை மாறல? சாய்தளத்தையே எடுத்துக்கொள்வோம். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். அதை நாலு அடியில் முடித்தால் சக்கர நாற்காலியில் தனியாக ஏற முடியாது. ஆனால், 2017 விதிகள் சுட்டிய தரங்கள் பெரும்பாலும் பரிந்துரைகளாகவே இருந்தன. ராஜீவ் ரதூரி வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று, அந்த 15-வது விதி சட்டத்துக்கு முரணானது என்றது உச்ச நீதிமன்றம். கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கவும் உத்தரவிட்டது.

உங்க ஏரியா மருத்துவமனையில் வழி இல்லையென்றால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் தரலாம். விசாரணையில் சாட்சிகளை வரவழைக்க, ஆவணங்களைக் கேட்க, உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு.