தரிசு நிலத்து வானம்பாடியும் அதன் கூடும்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் மானாவாரிப் புஞ்சைகளும் மேய்ச்சல் புறம்போக்குகளும் மிகுதி. அவற்றில் ஆள் நெருங்கும்வரை தரையோடு தரையாய்ப் பதுங்கியிருந்து திடீரென எழும் சிறு குருவியைக் குடியானவர் பலரும் கண்டிருப்பர். இதனை ஊர்க்குருவி என எண்ணுதல் தவறு. இது சாம்பல் தலை வானம்பாடி என்னும் வேறோர் இனம். தரையிலேயே முட்டையிடுவதால், இதன் வாழ்வு நிலத்துக்குரியவரின் செய்கையைப் பொறுத்தது.

அடையாளம்.— ஊர்க்குருவியினும் சற்றுச் சிறியது. ஆணின் உச்சந்தலை சாம்பல் நிறம், கன்னம் வெண்மை, தொண்டையும் வயிறும் கருமை. பெண் மண்ணிறமாதலால் அசையாதிருக்கையில் கண்ணுக்குப் புலப்படாது. இது மரத்தில் அமர்வதில்லை. கல்லின்மீதும் மண்ணாங்கட்டியின்மீதும் அமரும். ஆண் உயர எழுந்து, சிறகை மடக்கித் தலைகீழாய்ப் பாய்ந்து, தரையை அணுகுமுன் மீண்டும் மேலெழும். அப்போது நீண்ட சீழ்க்கையொலி கேட்கும்.

இருப்பிடமும் இரையும்.— குட்டைப்புல்லும் வெறுந்தரையும் கலந்த சமவெளியே இதற்கு உகந்தது. அடர்காட்டிலும் உயர்மலையிலும் இது வாழாது. புல், களை ஆகியவற்றின் விதைகளையும் பூச்சிகளையும் தின்னும். குஞ்சுகளுக்குப் பூச்சிகளையே ஊட்டும். ஆகையால் இது வெள்ளாமைக்குப் பகையன்று.

கூடு.— மண்ணில் சிறு குழி, உள்ளே புல்லும் மயிரும், விளிம்பில் பொடிக்கற்கள். முட்டை இரண்டு அல்லது மூன்று. ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்க, ஏறக்குறைய 14 நாட்களில் குஞ்சு பொரிக்கும். கூட்டைத் தேடி நடந்தால் மிதித்துவிட நேரும். காலையில் எட்ட நின்று கவனித்தலே முறை. ஒரு குருவி இரையைக் கவ்விக்கொண்டு ஒரே இடத்தில் திரும்பத்திரும்ப இறங்குமாயின், அங்கே குஞ்சுகள் உண்டென அறியலாம்.

செய்யத்தக்கவை.— கரைவெட்டி ஏரி 1999-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஏரியை நாடும் நீர்ப்பறவைகளுக்கு அக்காவல் உண்டு. தரிசில் வாழும் வானம்பாடிக்கோ பட்டாதாரரின் கவனமே காவல். கூடு தென்பட்டால் அதனைச் சுற்றி இரண்டு முழ அகலம் உழாது விட்டு, குஞ்சுகள் வெளியேறியபின் உழலாம். அடையாளக் குச்சியைக் கூட்டருகே நட்டால் காகம் அறிந்துகொள்ளும். பத்தடி தள்ளி நடுக. மருந்து கலந்த மக்காச்சோள விதையும் பருத்தி விதையும் மண்மேல் சிதறிக் கிடத்தலாகாது. கிராம அதிகாரிகள் மேய்ச்சல் புறம்போக்கை வெற்றுநிலமெனக் கருதி, கிராவல் வெட்டவோ முழுவதும் மரம் நடவோ யோசனை கூறுமுன், அங்கே புல் எவ்வளவு, ஆடுமாடு எத்தனை, கூடுகட்டும் குருவிகள் உண்டா என்பவற்றை நேரில் பார்வையிடுதல் நன்று. புல் நின்றால் ஆட்டுக்கும் மேய்ச்சல் உண்டு, குருவிக்கும் இடமுண்டு.