லெபனான் விடுதலையும் ஜெனரல் ஸ்பியர்ஸும்

பெய்ரூத் நகரில் ஒரு தெருவுக்கு ஸ்பியர்ஸ் என்று பெயர். அரபு மண்ணைப் பங்கு போட்ட ஆங்கிலேயரில் ஒருவருக்கு அங்கே ஏன் இந்த மரியாதை?

எட்வர்ட் ஸ்பியர்ஸ் 1886-இல் பாரிஸில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். பிரெஞ்சு மொழி சரளமாக வரும் என்பதால், 1914-இல் போர் மூண்டதும் இரு நாட்டுப் படைகளுக்கும் இடையே தொடர்பு அதிகாரியானார். 1922-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். சர்ச்சிலின் நெருங்கிய நண்பர். 1940 ஜூன் 17 அன்று, பிரான்ஸ் வீழ்ந்துகொண்டிருந்த நேரத்தில், டி கோலை போர்தோவிலிருந்து விமானத்தில் லண்டனுக்கு அழைத்து வந்தவரும் இவரே.

அந்த இருவரையும் பகைவர்களாக்கியது ஷாம் தேசம்.

முதல் உலகப் போருக்குப் பின் சிரியாவும் லெபனானும் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தன. 1941-இல் பிரிட்டிஷ் படையும் டி கோலின் படையும் அங்கே நுழைந்தபோது மக்களுக்குச் சுதந்திரம் வாக்களிக்கப்பட்டது. வாக்கை நிறைவேற்ற டி கோல் தரப்பு தயங்கியது. 1942-இல் பிரிட்டிஷ் தூதராகப் பொறுப்பேற்ற ஸ்பியர்ஸ், தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று நெருக்கினார். 1943-இல் தேர்தல் நடந்தது. நவம்பர் 8 அன்று லெபனான் நாடாளுமன்றம் பிரெஞ்சு அதிகாரத்தை அரசியல் சட்டத்திலிருந்து நீக்கியது. மூன்றாம் நாள் அதிபர் பிஷாரா அல்கூரியும் பிரதமர் ரியாத் அஸ்ஸுல்ஹும் அமைச்சர்களும் கைது செய்யப்பட்டு ராஷயா கோட்டையில் அடைக்கப்பட்டனர்.

கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து வீதியில் இறங்கினர். ஸ்பியர்ஸ் லண்டனை நெருக்க, பிரிட்டன் கெடு விதித்தது. நவம்பர் 22 அன்று தலைவர்கள் விடுதலையாயினர். அதுவே லெபனானின் சுதந்திர தினம்.

அப்படியானால் பிரிட்டன் நீதியின் பக்கம் நின்றதா? அதே ஆண்டுகளில் ஃபலஸ்தீன் அதன் பிடியில்தான் இருந்தது. போர்க்காலத்தில் அரபுகளின் ஆதரவு அதற்குத் தேவைப்பட்டது. பிரான்ஸுடனான உறவு முக்கியமானபோது, 1944 இறுதியில் ஸ்பியர்ஸ் பதவி விலக நேர்ந்தது. 1945 தேர்தலிலும் தோற்றார். எனினும் ஃபலஸ்தீன் விஷயத்தில் சியோனிசத்தை எதிர்த்து அரபுகளுக்காகவே பேசினார். 1974-இல் மறைந்தார்.

தனிமனிதரின் நேர்மையை மதிப்போம். அரசின் நோக்கத்தை அதனோடு குழப்ப வேண்டாம். வல்லரசுகள் தமக்குள் மோதும்போது ஒரு கதவு திறக்கலாம். 1943-இல் லெபனான் மக்கள் மத வேறுபாடு கடந்து ஒன்றாக நின்றதால்தான் அதன் வழியே வெளியேற முடிந்தது.