மார்பு தளர்வதற்குத் தாய்ப்பால் காரணமா?

ஒரு கிராமத்தின் வளர்ச்சியைச் சாலைகளையும் கிணறுகளையும் பள்ளிக் கட்டடங்களையும் கொண்டு கணக்கிடுவது நமது வழக்கம். அங்குப் பிறக்கும் குழந்தைகள் நோயின்றி வளர்கின்றனவா என்பதும் அவற்றுக்குச் சற்றும் குறையாத அளவுகோலாகும். குழந்தையின் முதல் உணவு தாய்ப்பால். அது குறைவதற்கும் விரைவில் நின்றுபோவதற்கும் காரணங்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று, வெளிப்படையாகப் பேசப்படாத ஓர் எண்ணம். பால் கொடுத்தால் மார்பு தளர்ந்து அழகு குலையும் என்பதே அது. பேசக் கூச்சம் தரும் பொருள்தான். ஆயினும், பேசாமையால் விளையும் தீங்கு பச்சிளங் குழந்தையைச் சேர்வதால், உண்மையை அறிந்து பிறருக்கும் எடுத்துரைப்பது நம் அனைவருடைய கடமையாகும்.

தளர்ச்சி எவ்வாறு ஏற்படுகிறது?

மார்பகம் பால் சுரப்பிகளும் கொழுப்பும் நிறைந்த உறுப்பு. அதனைத் தூக்கி நிறுத்தும் தசை அதனுள் கிடையாது. மேலே போர்த்தியுள்ள தோலும், உள்ளே ஊடுருவிச் செல்லும் மெல்லிய நார் இழைகளுமே அதனைத் தாங்குகின்றன. ஆங்கில அறுவை மருத்துவரான ஆஸ்ட்லி கூப்பர் 1840-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இவ்விழைகளை விவரித்தார். இன்றும் அவை அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றன. தோலும் இழைகளும் நெகிழும்பொழுது மார்பு தளர்கிறது.

பெண் கருவுற்றதுமே மார்பகம் பெருக்கத் தொடங்குகிறது. பிரசவத்திற்குப் பின்னர், பால் கொடுத்தாலும் கொடாவிட்டாலும், ஒரு நாள் அது சுருங்கியே தீரும். புடைக்க நெல் நிரப்பிய சாக்கு, நெல்லைக் கொட்டிய பின்னர் தளர்ந்து கிடப்பதை உழவர் அறிவர். தளர்ச்சிக்குக் காரணம் அது முன்பு புடைத்திருந்ததேயாகும். கர்ப்பத்தினால் வந்த மாறுதல் பாலூட்டும் காலத்தில் கண்ணுக்குப் புலப்படுவதால், பழி பாலின் மீது விழுகிறது.

அமெரிக்காவிலுள்ள கெண்டக்கிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதனை ஆராய்ந்து 2008-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். மார்பக அறுவைச் சிகிச்சையை நாடி வந்தவர்களுள், முன்பு கருவுற்றிருந்த 93 பெண்களைப் பற்றிய ஆய்வு அது. வயது, கர்ப்பங்களின் எண்ணிக்கை, உடற்பருமன், கர்ப்பத்திற்கு முன்பே மார்பு பெரிதாயிருத்தல், புகைபிடிக்கும் பழக்கம் ஆகியவையே தளர்ச்சியோடு தொடர்புடையனவாகக் காணப்பட்டன. பால் கொடுத்தமை அதற்குக் காரணமாகக் காணப்படவில்லை. சிறிய ஆய்வேயாயினும், ஊர்ப்பேச்சைவிட இது நம்பத்தக்கது.

வேறு சில எண்ணங்கள்

படுத்துக்கொண்டு பால் கொடுத்தால் மார்பு தொங்கும் என்பர் சிலர். இதற்கு ஆதாரம் இல்லை. தாய்க்கும் சேய்க்கும் வசதியான எந்நிலையிலும் பால் கொடுக்கலாம். இறுக்கமான உள்ளாடை அணிந்தால் தளராது என்பதும் நிறுவப்படாத கூற்று. பொருத்தமான உள்ளாடை வேலை செய்யும்பொழுது வசதியளிக்கும், வலியைக் குறைக்கும், அவ்வளவே. எண்ணெய்களும் களிம்புகளும் நெகிழ்ந்த நார் இழைகளை மீண்டும் இறுக்க மாட்டா. ஆகவே, அவற்றின் விளம்பரத்தை நம்பிப் பணத்தை வீணாக்க வேண்டாம். உடற்பயிற்சி மார்பகத்திற்கு அடியிலுள்ள தசையை வலுப்படுத்தும், இழைகளை மாற்றாது.

இவ்வளவும் கூறியதனால் தளர்ச்சி ஒரு நோய் என்று எவரும் அஞ்சற்க. அது வயதோடு வரும் இயல்பான மாறுதல். ஆனால் மார்பில் கட்டி தோன்றுதல், ஒரு பக்கம் மட்டும் வடிவம் மாறுதல், தோல் குழிதல், காம்பு புதிதாக உட்புறம் இழுத்துக்கொள்ளுதல், இரத்தம் கசிதல் ஆகியவை வேறு வகையின. இவற்றுள் எது காணினும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

தவறான எண்ணத்தின் விலை

பிறந்த 1 மணி நேரத்திற்குள் பாலூட்டத் தொடங்க வேண்டும், முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும், பின்னர் பிற உணவோடு 2 ஆண்டுகள் வரையிலும் அதற்கு மேலும் அதனைத் தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பசு ஈன்றவுடன் சீம்பாலைக் கன்றுக்கு ஊட்டும் உழவருக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. எனினும், 2019-21-இல் நடைபெற்ற தேசிய குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 6 மாதத்திற்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 64 பேரே தாய்ப்பால் மட்டும் பெற்றனர். தூய்மையற்ற நீரில் கரைத்த மாவுப்பாலும் நன்கு கழுவாத புட்டியும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். பால் நீர்த்துப்போனால் குழந்தை மெலியும்.

தாய்க்கும் இதில் நன்மை உண்டு. பாலூட்டுவதால் கருப்பை விரைவில் சுருங்குகிறது. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி, ஒரு பெண் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்திற்கும் மார்புப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 4 பங்கு அளவில் குறைவதாகக் காட்டியது.

ஊராட்சி செய்யத்தக்கவை

ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். அதனை அடுத்து ஆகஸ்ட் 15-இல் கிராம சபை கூடுகிறது. அன்று கிராம சுகாதார செவிலியரைப் பேசச் செய்யலாம். இளந்தாய்மாரோடு கணவன்மாரும் மாமியார்களும் அதனைக் கேட்டல் நலம். குழந்தைப் பால்மாவையும் பால்புட்டியையும் விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்பதைக் கடைக்காரர்களுக்கு அறிவிக்கலாம். பெண்கள் வேலை செய்யும் இடங்களில் மறைவும் நிழலும் உள்ள ஓர் இடத்தை ஒதுக்கித் தரலாம்.

இவற்றிற்குச் செலவு அதிகமில்லை. செலவே இல்லாத உதவி ஒன்றும் உண்டு. மனைவியின் உடலைக் குறித்துக் கணவன் கூறும் ஓர் ஏளனச் சொல், குழந்தையின் பாலை நிறுத்திவிடக்கூடும். அச்சொல்லைக் கூறாதிருத்தலும், பிறர் கூறக் கேட்டால் மறுத்துரைத்தலும் ஆடவர் ஒவ்வொருவராலும் இயலும்.