பனிக்கடல் நுண்ணுயிர்களின் நொதிகள்: கட்டமைப்பும் கலைச்சொல்லும்

நொதி என்பது நொதித்தல் என்னும் வினையடியாகப் பிறந்த சொல். அரைத்து வைத்த மாவு பொங்கிப் புளிப்பதும் கள் நுரைப்பதும் நொதித்தலே. 1877ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் வில்லெம் கூனே ‘என்சைம்’ என்னும் பெயரை ஆக்கியபோது, ‘புளித்த மாவினுள் உள்ளது’ என்று பொருள்படும் கிரேக்கக் கூறுகளையே கையாண்டார். இரு மொழிகளும் அடுக்களையில் நின்றே இப்பொருளுக்குப் பெயரிட்டுள்ளன. ஆதலின் நொதி என்ற சொல்லில் நமக்கு இடர்ப்பாடு இல்லை. அதற்கு முன்னே சேர்க்கும் அடைமொழியில்தான் இடர்ப்பாடு எழுகிறது. துருவப் பகுதிகளின் பனியில் வாழும் பாக்டீரியாக்கள், ஈசுட்டுகள் ஆகியவற்றின் நொதிகளைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர், ‘குளிரைத் தாங்கும் நொதி’ என்று எழுத எளிதில் முற்படுவர். அத்தொடர் அந்நொதியின் மூலக்கூற்று இயல்புக்கு நேர்மாறான கருத்தைத் தருவது என்பதே இப்பொழிவில் நாம் நிறுவ விரும்புவது.

இஃது எங்கோ நடக்கும் ஆய்வைப் பற்றிய சொல்லாராய்ச்சி அன்று. நம் ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் அமைந்துள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரோஸ்லி முகமட் இலியாஸ் குழுவினர் அண்டார்க்டிக் ஈசுட்டு ஒன்றின் நொதிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்துள்ளனர். அதனைத் தமிழில் விளக்கச் சொற்கள் வேண்டும். அச்சொற்கள் பிழையின்றி இருத்தலும் வேண்டும்.

முதலில் குளிர் என்ன செய்கிறது என்று காண்போம். இட்லி மாவைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் புளிப்பு ஏறுவது மந்தமாகிறது. மாவிலுள்ள நுண்ணுயிர்கள் மாண்டுவிடவில்லை. அவற்றின் நொதிகளும் சிதைந்துவிடவில்லை. வெளியே எடுத்து வைத்தால் மீண்டும் புளிக்கத் தொடங்குகிறது. வெப்பநிலை 10 பாகை குறையுந்தோறும் வேதிவினைகளின் விரைவு பொதுவாக இரண்டில் ஒரு பங்காகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறைகிறது. நம் உடல் வெப்பமாகிய 37 பாகையிலிருந்து 0 பாகைக்கு இறங்கினால் அக்குறைவு பத்து மடங்கைக் கடந்து ஐம்பது மடங்கு வரையும் செல்லும். இவ்வாறு குளிர் பெரும்பாலான நொதிகளை அழிப்பதில்லை, அவற்றை மெதுவாக்குகிறது. தாங்கவேண்டிய தாக்குதல் எதுவும் இங்கு இல்லை. பனிக்கடலில் வாழும் உயிர் தீர்க்க வேண்டிய சிக்கல் விரைவு பற்றியது.

அச்சிக்கலை அது தீர்த்த வகையை அறியப் புரதத்தின் அமைப்பைச் சற்று நின்று நோக்க வேண்டும். எழுத்துகள் கோத்துச் சொல்லாவது போல இருபது வகை அமினோ அமிலங்கள் கோத்துப் புரதமாகிறது என்பது பழகிய உவமை. ஆயினும் எழுத்து வரிசை ஏட்டில் நேராகக் கிடக்கும். புரதச் சங்கிலியோ மடிந்து சுருண்டு முப்பரிமாண உருவம் கொள்ளும். அவ்வுருவத்தைக் குலையாமல் நிறுத்துவன பல சிறு பிணைப்புகள்: ஹைட்ரஜன் பிணைப்புகள், எதிரெதிர் மின்னூட்டம் உடைய பகுதிகள் ஒன்றையொன்று ஈர்க்கும் உப்புப்பாலங்கள், நீரை வெறுக்கும் பகுதிகள் உள்ளே நெருங்கி அடுக்கிக்கொள்ளும் செறிவு, சில இடங்களில் கந்தக அணுக்களால் ஆகும் டைசல்பைடு கட்டுகள். வளைய வடிவங்கொண்ட புரோலின் என்னும் அமினோ அமிலம் சங்கிலி அவ்விடத்தில் திரும்பாதவாறு விறைப்பாக்கும். அர்ஜினின் ஒரே சமயத்தில் பல பிணைப்புகளைத் தாங்கவல்லது. கிளைசினோ பக்கக்கிளை அற்றது. அது நிற்கும் இடம் தாராளமாக அசையும்.

இத்துறையில் மிகுதியாக ஆராயப்பட்ட சான்று ஒரு பாக்டீரியாவின் மாப்பொருள் சிதைக்கும் நொதியாகும். அண்டார்க்டிக்காவில் பிரெஞ்சு நாட்டினர் நடத்தும் டூமோன் துர்வில் நிலையத்தருகே கடல்நீரில் பிரித்தெடுக்கப்பட்ட சூடோஆல்டெரோமோனாஸ் ஹாலோபிளாங்டிஸ் என்னும் பாக்டீரியாவின் ஆல்ஃபா அமைலேஸ் அது. நம் உமிழ்நீரிலும் இவ்வகை நொதி உண்டு. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் ஷார்ல் ஜெர்டே, ஜார்ஜ் ஃபெல்லர் ஆகியோர் அதனை ஆராய்ந்தனர். 453 அமினோ அமிலங்களால் ஆன அதன் படிக உருவம் 1998இல் வெளியாயிற்று. அதனோடு ஒப்பிடுதற்கு வாய்த்த நெருங்கிய உறவு பன்றியின் கணைய அமைலேஸ் ஆகும். பாக்டீரியாவின் நொதி பிற பாக்டீரிய நொதிகளைவிட விலங்கின் நொதியை ஒத்திருப்பது வியப்பே. மரபணு ஓர் இனத்தினின்று மற்றோர் இனத்திற்குக் கடன்போயிருக்கலாம் என்று கருதுவோர் உளர். கடன்சொற்களோடு காலங்கழித்த மொழியியலார்க்கு இக்கருத்து அந்நியமாகத் தோன்றாது.

இனச்சொற்களை வரிசைப்படுத்தி ஒப்பிடும் முறையில் இவ்விரு நொதிகளையும் அருகருகே அடுக்கினர். மாப்பொருளைப் பற்றி அறுக்கும் பள்ளமாகிய செயல்மையத்தை ஆக்கும் 24 அமினோ அமிலங்களும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன, ஓரிடத்திலும் மாற்றமில்லை. வினை செய்யும் கருவி அதுவே. மாறியிருந்தது அக்கருவியைச் சூழ்ந்த கட்டுமானம். பனிக்கடல் நொதியில் புரோலின் குறைவு, அர்ஜினின் குறைவு, உப்புப்பாலங்கள் குறைவு, உள்ளடுக்கின் செறிவும் தளர்வு. புதிதாகக் கூட்டப்பட்ட வலுவான உறுப்பு ஒன்றைத் தேடினோர்க்குக் கிடைத்தவை பெரும்பாலும் இல்லாமைகளே.

அந்த இல்லாமைகளே விரைவைத் தருகின்றன. ஒரு நொதி வினை செய்யும்போது தன் உருவத்தைச் சிறிது அசைத்துக் கொடுக்க வேண்டும்; அதற்குச் சில பிணைப்புகள் அவிழ வேண்டும்; அவிழ்ப்பதற்கு வெப்பம் வேண்டும். வெப்பம் அரிதான இடத்தில், அவிழ்க்க வேண்டிய பிணைப்புகளைக் குறைத்துக்கொண்டால் வினைக்குத் தேவைப்படும் வெப்பமும் குறையும். இதற்கு விலையும் உண்டு. தளர்ந்த செயல்மையம் பற்றவேண்டிய பொருளை இறுகப் பற்றுவதில்லை. சிறிது சூடு ஏறினாலே உருவமும் குலைகிறது. மண்வாழ் பாக்டீரியா ஒன்றின் அமைலேஸ் ஏறத்தாழ 86 பாகையிலும், பன்றியின் அமைலேஸ் 66 பாகையிலும் உருவிழக்க, பனிக்கடல் அமைலேஸ் 44 பாகையிலேயே உருவிழக்கிறது. உருவம் குலையத் தொடங்குமுன்பே அதன் செயல் நின்றுவிடுகிறது என்பதும் கருதத்தக்கது. மிகத் தளர்ந்த பகுதி செயல்மையமே என்பதற்கு அது சான்றாகும்.

ஒப்பீடு மட்டும் போதாது என்று கருதிய லியேஜ் ஆய்வாளர், பன்றியின் நொதியில் இருந்து பனிக்கடல் நொதியில் இல்லாத பிணைப்புகளை மரபணு மாற்றத்தால் ஒவ்வொன்றாகவும் பின்னர்ச் சிலவற்றை ஒருசேரவும் மீளச் சேர்த்துப் பார்த்தனர். 2001, 2003ஆம் ஆண்டுகளில் வெளிவந்த முடிவுகள் தெளிவானவை. பிணைப்புகள் கூடக்கூட நொதி சூட்டில் நிலைத்தது. குளிரில் அதன் விரைவு தாழ்ந்தது. பன்றி நொதியின் இயல்பை நோக்கி அது நகர்ந்தது.

எனினும் தளர்ச்சியும் விரைவும் பிரிக்கவியலாத இரட்டை என்று முடிவு கட்டுவது மிகையாகும். அமெரிக்காவில் பிரான்சிஸ் ஆர்னல்டு குழுவினர் அண்டார்க்டிக் பாக்டீரியா ஒன்றின் புரதம் சிதைக்கும் நொதியை ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக மாற்றித் தேர்ந்து, குளிரில் விரைவு குறையாமலே சூட்டில் நிலைக்கும் வடிவங்களை 2000ஆம் ஆண்டளவில் ஆக்கிக் காட்டினர். இரண்டும் ஓரிடத்தில் அமைய இயற்பியல் தடை ஏதும் இல்லை என்பது அதனால் விளங்கிற்று. அங்ஙனமாயின் பனிக்கடல் நொதிகள் ஏன் சூட்டில் நிலைப்பதில்லை? அவற்றிடம் யாரும் அதனைக் கேட்கவில்லை என்பதே ஒரு விடை. தேவை அற்ற உறுதி, காக்கும் விசையின்றிக் காலப்போக்கில் உதிர்ந்திருக்கலாம். பேச்சுத்தமிழில் பலரிடம் ழகரமும் ளகரமும் ஒன்றாய்ப் போனதை எண்ணிப் பார்க்கலாம். அவற்றைக் குழப்பியதால் பொருள் மயங்கும் இடங்கள் சிலவே. நம் கருத்தில், விரைவுக்காக வந்த தளர்ச்சியும் கேட்பாரற்று வந்த தளர்ச்சியும் இந்நொதிகளில் கலந்தே உள்ளன.

ஸ்கூடாய் ஆய்வுக்கு வருவோம். அங்கு ஆராய்ந்த உயிர் பாக்டீரியா அன்று, ஈசுட்டு. முன்னர் வேறு பேரினத்தில் வைத்தெண்ணப்பட்டு இப்போது கிளாசியோசைமா அண்டார்க்டிகா எனப்படுவது. அண்டார்க்டிக்காவின் கேசி நிலையத்தருகே கடற்பனியில் கிடைத்தது. 12 பாகையில் நன்கு வளரும். 20 பாகைக்கு மேல் வளர்வதில்லை. அதன் மரபணுத் தொகுதியை மலேசிய ஆய்வாளர் 2018இல் வெளியிட்டனர். அதற்கு முன்பே, 2011இல், அதன் கைட்டினேஸ் நொதி ஒன்றின் மரபணுவைப் பிரித்து வேறோர் ஈசுட்டில் ஏற்றி நொதியை ஆக்கிக் காட்டியிருந்தனர். இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் உள்ள கைட்டின் என்னும் உறுதிப்பொருளை அறுப்பது இந்நொதி. அது மிகச் சிறப்பாகச் செயற்படுவது 15 பாகையில். ஜொகூர் பாருவில் நள்ளிரவிலும் அவ்வளவு குளிர்வதில்லை. ஆய்வகத்தில் குளிரை ஆக்கியே அதனை ஆராய வேண்டும். 2012இல் இந்நொதியின் உருவத்தையும் முன்வைத்தனர். அது படிகத்தை அளந்து கண்ட உருவம் அன்று. உறவுடைய நொதிகளின் உருவங்களை அச்சாகக் கொண்டு கணினியால் கணித்தது. மிதவெப்பத்திலும் மிகுவெப்பத்திலும் செயற்படும் கைட்டினேஸ்களோடு ஒப்பிட்டபோது இங்கும் உப்புப்பாலங்களும் ஹைட்ரஜன் பிணைப்புகளும் குறைந்திருந்தன. பாக்டீரியாவும் ஈசுட்டும் உறவால் வெகுதொலைவு. மாப்பொருளும் கைட்டினும் வெவ்வேறு. எனினும் இரண்டும் ஒரே வழியில் சென்றிருக்கின்றன. எல்லாக் குளிர்நொதிகளும் மேற்சொன்ன மாற்றங்கள் அனைத்தையும் கொண்டிருப்பதில்லை. ஒவ்வொன்றும் அவற்றுள் சிலவற்றை எடுத்துக்கொள்கிறது.

இனிப் பெயருக்கு வருவோம். உயிரைக் குறிக்கக் ‘குளிர்விரும்பி’ என்ற சொல் வழங்குகிறது. சூடு ஏறினால் வளர மாட்டாத உயிருக்கு அது பொருந்தும். குளிரிலும் வளர்ந்து சூட்டிலும் நன்கு வளர்வதைக் ‘குளிர்தாங்கி’ எனலாம். உயிருக்குப் பொருந்தும் இவ்வடைமொழிகளை நொதிக்கு ஏற்றுவதே பிழைக்கு வழி. தாங்குதல் என்றதும் தூணும் அணையும் நம் நினைவில் எழும். படிப்பவர் இறுகிய மூலக்கூறு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வார். ‘குளிரியங்கு நொதி’ என்று வழங்குவோமாயின் செய்வது எதுவோ அதையே சொன்னதாகும். அதன் இயல்பை விளக்கும் இடத்தில் ‘நெகிழ்ச்சி’ என்ற சொல்லையே ஆளலாம். ‘வலுக்குறை’ என்பது குற்றம்போல ஒலிக்கும். ஆய்வகங்களோ இக்குறையையே விலைகொடுத்து வாங்குகின்றன. மரபணு ஆய்வில், டி.என்.ஏ. இழையின் முனையிலுள்ள பாஸ்பேட்டை நீக்க அண்டார்க்டிக் பாக்டீரியாவின் பாஸ்பட்டேஸ் நொதி ஒன்றைப் பயன்படுத்துவர். பணி முடிந்ததும் அதனைப் பிரித்தெடுக்க வேண்டியதில்லை. குழாயைச் சில நிமிடங்கள் சூடாக்கினால் நொதி தானே செயலிழந்துவிடும்; டி.என்.ஏ.வுக்குத் தீங்கு இராது.