மயங்கி விழுந்த சாரணி!

"வைத்தியரய்யா... சீக்கிரம் வாங்க! ஒரு பிள்ள மயங்கிட்டா!"

விளாத்திகுளம் பக்கம் ஒரு பள்ளி மைதானம். காலை ஏழரை மணி. சாரணியர் முகாமில் கொடியேற்றம். முதலுதவி வகுப்பு எடுக்க வந்த நான், வேப்பமரத்தடியில் கட்டுத்துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஓடிப் போய்ப் பார்த்தால் எனக்கு வேலையே இல்லை! அணித் தலைவி, பத்தாம் வகுப்புப் பிள்ளை, விழுந்தவளை நிழலில் படுக்க வைத்து, காலுக்கடியில் இரண்டு பைகளை வைத்து உயர்த்தி, கழுத்துத் துணியைத் தளர்த்தி விட்டிருந்தாள். "காத்து வரட்டும், தள்ளி நில்லுங்கட்டி!" என்று கூட்டத்தையும் விரட்டிக்கொண்டிருந்தாள்.

'தயாராக இரு' என்பதுதானே இவர்களுடைய மந்திரம்!

1909-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் பையன்கள் கூடியபோது, "எங்களையும் சேர்த்துக்கோங்க" என்று சில சிறுமிகளும் வந்து நின்றார்களாம். மறு வருஷமே பேடன் பவல் தம் தங்கை ஆக்னஸைத் துணைக்கு வைத்துப் பெண்களுக்கென்று இயக்கம் தொடங்கினார். 1911-ல் ஜபல்பூரில் நம் நாட்டின் முதல் அணி. 1951-ல் அது பாரத சாரண சாரணியர் இயக்கத்தோடு இணைந்தது.

சரி, நம்ம பிள்ளை விஷயத்துக்கு வருவோம்.

"காலையில என்ன தாயி சாப்பிட்ட?"

"காப்பி மட்டும்தான்யா..."

கீழ் இமையை விலக்கிப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது. நகமும் அப்படியே. மேற்கொண்டு ஆம்பளை நான் கேட்டால் பதில் வருமா? ஆசிரியை தனியாகக் கூட்டிப்போய் விசாரித்தார். மாதாமாதம் ஏழெட்டு நாள் உதிரப்போக்கு. வெளியே சொல்ல வெட்கம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4 கிராம். இந்த வயதில் 12-க்குக் குறையக் கூடாது.

சித்த மருத்துவம் இதைப் 'பாண்டு' என்கிறது. சோகை என்றால் உங்களுக்குப் புரியும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்குச் சோகை. உங்கள் வீட்டுப் பெண்ணும் அதில் ஒருத்தியாக இருக்கலாம்!

"நீல உடுப்பே வேண்டாம்!"

மறுநாள் தாயார் வந்தார். "இனிமே அந்த நீல உடுப்பே வேண்டாம்யா. வயசுக்கு வந்த பிள்ள. வெயில்ல நிக்க வச்சு என்னமும் ஆயிட்டா?"

"அம்மா, வெயில் மட்டும் காரணம் இல்ல. உடம்புல ரத்தம் இல்ல, வயித்துல சோறு இல்ல. வீட்டுல உக்கார வச்சா ரத்தம் ஊறிருமா?" என்றேன். பதில் பேசாமல் போய்விட்டார். ஒரு வாரம் கழித்து, மகளோடு வந்தார்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கவே கூடாது. கரிசல் காட்டுக் கம்பு இருக்க, கவலை எதற்கு? 100 கிராம் கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இரும்புச் சத்து. கம்பங்கூழ், கம்பஞ்சோறு எதுவானாலும் சரி.

* முருங்கைக்கீரை, பயறு, மீன் அடிக்கடி சேருங்கள். கூடவே நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை. இரும்பை உடம்பு ஏற்க அது உதவும். சாப்பிட்ட உடனே காப்பி, டீ வேண்டாம். அது தடுக்கும்.

* பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல நிற இரும்பு மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். ஆனால் அது சோகை வராமல் தடுக்கத்தான். வந்துவிட்ட சோகைக்கு மருத்துவர் சொல்லும் அளவு வேறு.

* குடற்புழு மாத்திரையும் முக்கியம்.

* அன்னபேதிச் செந்தூரம் அருமையான மருந்துதான். அதற்காகக் கேட்காமல் வாங்கிச் சாப்பிடக் கூடாது. அதுவும் இரும்பே! இரும்பு மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மீறும்.

* உதிரப்போக்கு ஏழு நாளைத் தாண்டினால், 'வயசுக் கோளாறு' என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மூன்று மாதத்தில் அந்தப் பிள்ளைக்கு 11.6. இன்னும் 12-ஐத் தொடவில்லை. ஆனால் அடுத்த முகாமுக்கு முதல் ஆளாக வந்து நின்றாள்! எல்லாரும் அப்படி வரவில்லை. 'பெரிய பிள்ளையாயிட்டா' என்று இரண்டு பேரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் சோகையை இப்போது யார் பார்ப்பார்கள்?

முதலுதவி சொல்லிக் கொடுக்கப் போன நான் கற்றுக்கொண்டது இதுதான். பெற்றவளிடமும் சொல்லாததை, கூட்டாளிகள் மத்தியில் ஒரு பெண் சொல்லிவிடுகிறாள். அந்த இடத்தை மூடிவிடாதீர்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளியிலும் சாரணியர் அணி இருக்கலாம். நர்ஸோ, தையல் தெரிந்தவரோ, ஓய்வு பெற்ற ஆசிரியையோ, மாதம் ஒரு சனிக்கிழமை போய் நில்லுங்கள். முதலில் தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். ஆண்கள் போனால், ஆசிரியை உடன் இருக்கட்டும்.

போகும்போது ஒரு தூக்குச்சட்டி கம்பங்கூழும் கொண்டுபோனால், பிள்ளைகள் உங்களை விடவே மாட்டார்கள்!