மூதாட்டியின் பெயர்

தமிழ் மக்கள் தம் மக்களின் மக்களைப் பேரன் என்றும் பேர்த்தி என்றும் அழைப்பர். பெயரன், பெயர்த்தி என்னும் சொற்களே அவ்வாறு மருவி வழங்குகின்றன. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டி பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. முன்னோர் பெயர் மறையாமல் காக்கும் வழியை மொழியே வகுத்துத் தந்துள்ளது. ஆயினும், ‘உன் பாட்டியின் பாட்டி யார்?’ என வினவினால், விடை கூற வல்லவர் மிகச் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அம்மூதாட்டியை அறியும் வழி யாது?

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடப்பது சவ்வாது மலை. அங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர் தமிழ் பேசுவோர். மலையில் வாழ்வதால் அவர்கள் அப்பெயர் பெற்றனர். அவர்தம் தோற்றம் பற்றிய கதையொன்றை, 1909-ஆம் ஆண்டில் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் நூல் கூறுகிறது. காஞ்சிபுரத்து வேளாளர் மகளிரைக் கங்குந்தி வேடர் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஆடவர் சிலர் நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் தனியே திரும்பின், தாம் மாண்டதாகக் கொள்ளுமாறு வீட்டாரிடம் கூறிச் சென்றனர். பாலாற்று வெள்ளத்திற்கு அஞ்சிய நாய்கள் பாதி வழியில் திரும்பிவிட்டன. வீட்டார் இறுதிக் கடன்களை முடித்தனர். பின்னர் மீண்டு வந்த ஆடவர் ஊரில் இடம் பெறாமல், வேடர் மகளிரை மணந்து மலையேறினர் என்பது கதை.

இக்கதையில் ஆறு உண்டு, ஆடவர் உண்டு, நாயும் உண்டு. மலையேறிய அக்குலத்தின் முதல் தாயர் பெயர் மட்டும் இல்லை! அம்மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லிலோ, கள்வரைக் கடித்து நின்ற நாய்க்குக் ‘கோவிவன்’ என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கவும், தாயின் பெயர் மறைந்தது வருந்தத்தக்கதன்றோ?

பெண்ணின் பெயர் மறைந்தமைக்குக் காரணம் உண்டு. நிலமும் வரியும் பெரும்பாலும் ஆடவர் பெயரிலேயே எழுதப்பட்டன. 1871-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் மக்கள்தொகை கணக்கிடப்பட்டது. அதன் அறிக்கை இத்தனை பெண்டிர் எனத் தொகையைக் கூறுமேயன்றி, தனியொருத்தியின் பெயரைக் கூறாது. மாறாக, கடல் கடந்த பெண்டிரின் பெயர்கள் சில நிலைபெற்றுள்ளன. 1860-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டாலை அடைந்தது. அவ்வாறு சென்றோரின் பெயர், தந்தை பெயர், வயது, ஊர் முதலியவை பட்டியலில் எழுதப்பட்டன. அப்பட்டியலைக் கொண்டு தென்னாப்பிரிக்கத் தமிழர் தம் பாட்டியின் ஊரைத் தேடுகின்றனர். ஊரிலேயே இருந்தவளுக்கோ அத்தகைய பட்டியலும் இல்லை.

எனவே, ஏட்டைத் தேடுமுன் முதியோரை நாடுதல் வேண்டும். எண்பது வயதுடைய மூதாட்டி 1940-களில் பிறந்தவர். அவருடைய பாட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்திருத்தல் கூடும். அப்பாட்டியின் தாயைப் பற்றிய செய்தியும் அவர் செவியில் விழுந்திருக்கலாம்.

வினவுங்கால், புகுந்த வீட்டாரிடம் மட்டும் வினவுதல் போதாது. அங்கே அவள் இன்னாரின் மனைவி. பிறந்த ஊரிலோ அவள் இன்னாரின் மகள், இன்னாரின் தமக்கை. ஆதலின் பங்காளிகளோடு மாமன் வழியினரையும் கேட்டறிதல் வேண்டும். குடும்பத்துப் பெண்களின் பெயர்களை வரிசையாக எழுதினால், ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை ஒரே பெயர் வருதலைக் காணலாம். பெயர்த்தியின் பெயரே பாட்டியைக் காட்டும் விளக்காகும்.

காலத்தைக் கணித்தலில் கருத்து வேண்டும். ‘தாது ஆண்டில் பிறந்தவள்’ என முதியோர் கூறலாம். பெரும்பஞ்சம் நிகழ்ந்த தாது ஆண்டு 1876-இல் பிறந்தது. ஆனால், அறுபது ஆண்டுச் சுழற்சியில் 1936-லும் தாது மீண்டும் வந்தது. அவளுடைய மகள் 1910-ஆம் ஆண்டளவில் மணம் புரிந்தாள் எனத் தெரியின், 1936 பொருந்தாது. 1876 என்பதே பொருந்தும். இவ்வாறு ஒரு செய்தியை மற்றொன்றால் ஒத்துப் பார்த்தல் ஆராய்ச்சியின் உயிர்நிலையாகும்.

அதன் பின்னரே பத்திரங்களையும் ஆவணங்களையும் தேடுதல் தகும். சவ்வாது மலைப் பகுதி அக்காலத்தில் வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களைச் சார்ந்திருந்தது. எனவே சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் அப்பழைய பெயர்களின் கீழ்த் தேடுதல் வேண்டும்.

ஏடு நாளையும் இருக்கும். மூதாட்டியின் நினைவு நாளை இருக்கும் என்பது உறுதியன்று. திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியிடம் இன்றே சென்று, ‘உங்கள் பாட்டியின் பெயர் என்ன?’ என்று கேட்கும் பேர்த்தியே, தன் பெயருக்கு உரிய கடனை ஆற்றியவள் ஆவாள்.