வீட்டிற்கு வண்ணம் தேடுவோர்க்கு

தை பிறக்குமுன் வீட்டிற்குச் சுண்ணாம்பு அடிப்பதும், திண்ணைக்குக் காவிப்பட்டை தீட்டுவதும் நம் ஊர்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இன்று பல வீடுகளில் சுண்ணாம்பின் இடத்தைப் பெயிண்டு பிடித்துக்கொண்டது. அதில் தவறொன்றுமில்லை. ஆனால் கடைக்காரர் நீட்டும் அட்டையில் நூற்றுக்கணக்கான நிறங்களைக் கண்டதும், எதைத் தேர்வது என்று அறியாது குடும்பத்தார் திகைத்து நிற்கின்றனர். முடிவில் அடுத்த வீட்டாரின் நிறமோ, கைப்பேசியில் கண்ட அயல்நாட்டு அறையின் நிறமோ சுவரில் ஏறிவிடுகிறது. அதற்குப் பொருந்தும் திரைச்சீலையையும் விரிப்பையும் பிறகு தேடி அலைகிறோம்.

இம்முறையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளல் நலம் என்பது நம் கருத்து. முதலில் நெஞ்சுக்கு உகந்த ஒரு விரிப்பையோ பாயையோ தேர்ந்தெடுங்கள். சுவர் அதனைப் பின்பற்றட்டும். சுவரின் நிறத்தை ஒருநாளில் மாற்றிவிடலாம். நல்ல நெசவோ பல ஆண்டுகள் உடனிருக்கும்.

நிறங்களின் பிறந்தகம்

தறிக்காரர் நாவில் வழங்கும் நிறப் பெயர்களை எண்ணிப் பாருங்கள்: மாம்பழ வண்ணம், வெங்காயத்தோல், கத்தரிப்பூ, வாடாமல்லி, இலைப்பச்சை, எலுமிச்சை, சந்தனம், மயில்கழுத்து. இவற்றுட் பெரும்பாலானவை வயலிலும் தோட்டத்திலும் விளைபவை அன்றோ? பயிரிடுவோர் நாள்தோறும் கண்ட நிறங்களையே நெய்வோர் பாவில் ஏற்றினர். ஆதலின் நமக்கு வேண்டிய வண்ண அட்டை கடையில் மட்டும் இல்லை, வரப்பிலும் இருக்கிறது.

நிறத்தை மட்டுமன்றி, அதன் அளவையும் செடி கொடிகள் கற்பிக்கும். ஒரு கத்தரிச் செடியைப் பாருங்கள். சாம்பல் படர்ந்த பச்சை இலைகளே மிகுதி. இடையிடையே ஊதாப் பூக்கள் சில. ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஒரு துளி மஞ்சள். அறைக்கும் இவ்வளவே வேண்டும். சுவரும் தரையும் அமைதியான நிறத்தில் இருக்க, திரைச்சீலை சற்று எடுப்பாக அமைய, திண்டுறையில் மட்டும் ஒளிரும் நிறம் ஒன்று இருந்தால் போதும். மூன்று நிறங்களும் சமமாகப் பங்கு கேட்குமிடத்தில் கண்ணுக்கு ஓய்வில்லை.

மூன்று ஊர்கள் கற்பிப்பன

செட்டிநாட்டு வீடுகளில் தரை பேசும், சுவர் கேட்டுக்கொண்டிருக்கும். ஆத்தங்குடித் தரைக்கற்களைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமிண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து உலர்த்துகின்றனர். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் தரையில் பூத்துக் கிடக்க, சுவரோ முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணச்சாந்தினால் வெண்மையாகப் பளபளக்கும். வண்ணத்திற்கு ஓரிடம் கொடுத்துப் பிற இடங்களை அமைதியாக விடுதல் என்னும் பாடத்தை அங்கே கற்கலாம்.

காவிரியும் பவானியாறும் கூடும் பவானியின் ஜமக்காளம் இன்னொரு பாடம் சொல்லும். சிவப்பு, நீலம், பச்சை எனத் துணிவான நிறங்கள் அதில் அகன்ற பட்டைகளாக ஓடுகின்றன. அதே சிவப்பைச் சுவரில் அடித்தால் கண் கூசும், ஜமக்காளத்தில் கூசுவதில்லை. காரணம் முரட்டு நூல். அதன் மேடுபள்ளங்களில் சிறு சிறு நிழல்கள் தங்கி நிறத்தை அடக்கி வைக்கின்றன. வழவழப்பான பரப்பு ஒளியை அப்படியே திருப்பி வீசுகிறது. சொரசொரப்பான பரப்பு அதில் ஒரு பங்கைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. எனவே ஆழ்ந்த நிறங்களைத் தடித்த நூலிலும், மெல்லிய நிறங்களை நுண்ணிய நூலிலும் தேடுவது பெரும்பாலும் பொருந்தும். பாவில் ஒன்றும் ஊடையில் மற்றொன்றுமாக இரு நிறங்களை வைத்து மயில்கழுத்தை வரவழைக்கும் நெசவாளர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தாமிரவருணிக் கரையிலுள்ள பத்தமடையின் பாய் மூன்றாவது பாடம். கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தி அல்லது பட்டு நூற்பாவில் நெய்கின்றனர். உயர்ந்த ரகம் துணிபோல் மடியும். அதன் அழகில் பெரும்பங்கு சாயமேறாத கோரையின் வைக்கோல் நிறத்தையே சாரும். ஒரு பொருளின் இயற்கை நிறமும் ஒரு வண்ணமே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். காவிரிப் படுகையில் கோரை பயிரிடும் நம் விவசாய அன்பர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.

வாங்குமுன் செய்யத்தக்கவை

கடை விளக்கில் கண்ட நிறம் வீட்டு வெளிச்சத்தில் மாறிவிடும். முடிந்தால் ஒரு மீட்டர் துணியை மட்டும் வாங்கிவந்து, அறையில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். காலையிலும் நண்பகலிலும் விளக்கொளியிலும் பாருங்கள். மேற்கு நோக்கிய அறையில் மாலை வெயில் எந்நிறத்தையும் மஞ்சளாக்கும். அங்கே நீலமும் பச்சையும் குளிர்ச்சி தரும். வெளிச்சம் குறைந்த உள்ளறைக்குச் சந்தன நிறமும் வெண்மையும் உதவும்.

சாயத்தின் உறுதியையும் கேட்டறிதல் வேண்டும். மஞ்சட்கிழங்கின் சாயம் வெயிலில் விரைவில் வெளிறும். சன்னல் திரைக்கு அது ஆகாது. அவுரி நீலம் அவ்வாறன்று. நூலைச் சாயத்தொட்டியில் முக்கியெடுத்துக் காற்றாட விடுந்தோறும் நீலம் ஆழ்ந்துகொண்டே போகும். 1897ஆம் ஆண்டில் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் நம் நாட்டு அவுரிச் சாகுபடி சுருங்கிற்று. ஆயினும் விழுப்புரம் பகுதியில் இன்றும் அவுரி பயிராகிறது. விளைவிப்போரும் சாயமிடுவோரும் நெய்வோரும் ஒருங்கே கூடினாலன்றி இத்தகைய நிறங்கள் நிலைபெற மாட்டா.

புதிய கோலங்கள் வேண்டுவோர்க்கு 1956ஆம் ஆண்டு முதல் தோன்றிய நெசவாளர் சேவை மையங்கள் உள்ளன. சென்னை, காஞ்சிபுரம், சேலம் ஆகிய இடங்களில் அவை இயங்குகின்றன. நம் சங்கத்தார் ஆண்டிற்கு ஒருமுறையேனும் அங்கே சென்று வருதல் பயன் தரும்.

நம் வீட்டு முன்னறை

இனி, சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். அண்மையில் உறுப்பினர் சிலர் இல்லங்களுக்குச் சென்றிருந்தோம். உள்ளே தறி ஓடிக்கொண்டிருக்க, முன்னறையில் எங்களை அமர்த்தியது ஒரு பிளாஸ்டிக் பாய். அதன் மேல் ஜமக்காளப் பட்டைகளைப் போலவே அச்சிட்டிருந்தனர்! வீட்டம்மையாரைக் கேட்டோம். நெய்வது விற்பதற்கு, அதை விரித்து அமரும் நிலை தமக்கு ஏது என்றார். அச்சொல் எங்கள் நெஞ்சைத் தைத்தது. கூலி உணவுக்கே சரியாய்ப் போகும் வீட்டில் அழகைப் பற்றி அறிவுரை கூற எவர்க்கும் உரிமையில்லை.

ஆயினும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஜமக்காளம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தினால் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட இனங்களுள் ஒன்று. அவ்வாறிருந்தும் விசைத்தறிப் போலிகள் சந்தையில் உலவுகின்றன. போலியைப் பார்த்த மாத்திரத்தில் அறியும் கண் வாங்குவோர்க்கு வரவேண்டுமாயின், அசலை அவர்கள் எங்கேனும் விரித்த நிலையில் காணவேண்டும். அந்த இடம் நம் வீடாகவே இருத்தல் கூடாதா? தந்தை நெய்ததன் மேல் அமர்ந்து படிக்கும் குழந்தை, அத்தொழிலைத் தாழ்வாக எண்ணாது.

இதற்குச் சங்கமே வழி செய்யலாம். சிறு பிழையால் விற்பனைக்குத் தள்ளுபடியான உருப்படிகளை உறுப்பினர்க்கு அடக்க விலையில், தவணை முறையில் கொடுக்கலாம். மிஞ்சிய நூலைக் கொண்டு சிறு கால்மிதிகளும் திண்டுறைகளும் நெய்துகொள்ள இசைவு தரலாம். கோரை விளைப்போர் பாயும், நெய்வோர் விரிப்பும் தம்முள் மாற்றிக்கொள்ளவும் ஏற்பாடு செய்யலாம். அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர உறுப்பினர் எவரேனும் முன்வருவாராக.

சுவரை வைத்துக்கொண்டுதான் சித்திரம் எழுதவேண்டும் என்பர் நம் முன்னோர். சுவர் எல்லார்க்கும் இருக்கிறது. சித்திரத்திற்கு வேண்டிய நிறங்கள் நம் வயலிலும் நம் தறியிலும் உள்ளன. வரும் தைக்குள் ஒரே ஒரு விரிப்பேனும் நம் முன்னறையில் விரியட்டும்.